இரண்டு காலாவதித் தேதிகள்: அமெரிக்காவில் நடுத்தர வர்க்க வரியும் வேலையிழந்தோர் உதவித்தொகையும்

2010-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் இரண்டு சட்ட ஏற்பாடுகள் ஒரு மாத இடைவெளியில் காலாவதியாக இருந்தன. நீண்ட நாளாக வேலை கிடைக்காதவர்களுக்கு மத்திய அரசு வழங்கிவந்த கூடுதல் உதவித்தொகைக்கான அனுமதி நவம்பர் 30 அன்று முடிந்தது. 2001-லும் 2003-லும் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில் கொண்டுவரப்பட்ட வருமான வரிக் குறைப்புகள் டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வரவிருந்தன. ஒன்று வேலை இழந்தவர்களைப் பற்றியது. மற்றொன்று வேலையிலிருந்து சம்பாதிப்பவர்களைப் பற்றியது. தம்மளவில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இவ்விரண்டும் அந்த டிசம்பரில் ஒரே பேரத்தின் இரண்டு தட்டுகளில் வைக்கப்பட்டன. அது எப்படி நேர்ந்தது, ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் எதற்காக மோதிக்கொண்டன, அந்த மோதலின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை, அமெரிக்க அரசியலை அதிகம் பின்தொடராத வாசகருக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

வரியிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவிலும் வருமான வரி, இந்தியாவில் நாம் அறிந்த ஸ்லாப் முறையைப் போலவே அடுக்கடுக்காகத்தான் விதிக்கப்படுகிறது. வருமானத்தின் முதல் பகுதிக்குக் குறைந்த விகிதம், அதற்கு மேல் ஈட்டும் பகுதிக்குச் சற்றுக் கூடுதல் விகிதம், உச்சியில் உள்ள பகுதிக்கு மட்டும் உச்ச விகிதம். புஷ் காலத்துச் சட்டங்கள் ஏறக்குறைய எல்லா அடுக்குகளையும் கீழே இறக்கின. 39.6 விழுக்காடாக இருந்த உச்ச விகிதம் 35 ஆனது. அடியில் 10 விழுக்காடு என்ற புதிய அடுக்கு ஒன்று சேர்க்கப்பட்டது. குழந்தை ஒன்றுக்கான வரிக்கழிவு 500 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்ந்தது. பங்குகளை நீண்ட காலம் வைத்திருந்து விற்கும் லாபத்தின் மீதான உச்ச வரி 15 விழுக்காடாகக் குறைந்தது. ஆக, நடுத்தரக் குடும்பத்துக்கும் பயன் இருந்தது, பெருஞ்செல்வந்தருக்கும் பயன் இருந்தது. ஆனால் டாலர் கணக்கில் பார்த்தால் மேலே போகப் போகப் பயன் மிகப் பெரிதாக இருந்தது. மொத்தச் சண்டையும் இந்த இரட்டைத் தன்மையிலிருந்துதான் பிறந்தது.

இந்தக் குறைப்புகளுக்குக் காலாவதித் தேதி ஏன் இருந்தது என்பது முக்கியமான கேள்வி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 100 உறுப்பினர்கள் உண்டு. சாதாரணப் பெரும்பான்மைக்கு 51 வாக்குகள் போதும் என்றாலும், எதிர்த்தரப்பு விவாதத்தை முடிக்கவிடாமல் நீட்டித்துக்கொண்டே போகலாம். ஃபிலிபஸ்டர் என்று அழைக்கப்படும் இந்தத் தடையை முறியடிக்க 60 வாக்குகள் வேண்டும். பட்ஜெட் தொடர்பான சில மசோதாக்களுக்கு மட்டும் இந்தத் தடையைத் தாண்டிச் செல்லும் தனி வழி ஒன்று உண்டு. அந்த வழியில் வரும் மசோதா, குறிக்கப்பட்ட பட்ஜெட் காலத்துக்குப் பிறகு அரசின் பற்றாக்குறையை அதிகரிக்கக் கூடாது என்பது அதற்கான நிபந்தனை. 2001-ஆம் ஆண்டு வரிச் சட்டம் செனட்டில் 58 வாக்குகள் மட்டுமே பெற்று, இந்தத் தனி வழியில்தான் நிறைவேறியது. எனவே பத்தாண்டுக்கு மேல் அது நீடிக்க முடியவில்லை. 2003-இல் இரண்டாம் சட்டம் வந்தபோது செனட் சரிபாதியாகப் பிரிந்து, துணை அதிபர் டிக் செனி தன் வாக்கை அளித்துத்தான் அதை நிறைவேற்றினார். 2010 டிசம்பர் 31 என்ற தேதி, ஆகவே, பொருளாதாரக் காரணத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. போதிய வாக்குகள் இல்லாததால் சட்டத்துக்குள் வந்து அமர்ந்த தேதி அது.

இனி வேலையின்மை உதவித்தொகை. விஸ்கான்சின் மாநிலம் 1932-இல் முதன்முதலாக இதற்குச் சட்டம் இயற்றியது. 1935-இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை நாடு முழுவதற்குமான ஏற்பாடாக்கியது. பெயருக்கு உதவித்தொகை என்று நாம் சொன்னாலும், சட்டப்படி இது காப்பீடு. ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் முதலாளி ஒரு வரி செலுத்துகிறார்; மாநிலங்கள் அந்த நிதியைத் தனியே வைத்திருந்து, தன் தவறின்றி வேலை இழந்தவருக்கு வாராவாரம் வழங்குகின்றன. தானாக வேலையை விட்டவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், படிப்பு முடித்து முதல் வேலை தேடுபவருக்கும் பொதுவாக இது கிடையாது. பெறுபவர் வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும், தேடுவதைக் கணக்குக் காட்டவும் வேண்டும். அந்த ஆண்டுகளில் சராசரித் தொகை வாரத்துக்குச் சுமார் 300 டாலர். பழைய சம்பளத்தில் பாதிகூடப் பலருக்குத் தேறாது. அதற்கும் வருமான வரி உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலான மாநிலங்களில் இந்தத் தொகை 26 வாரங்களுக்குத்தான் கிடைக்கும். இயல்பான காலங்களில் அரையாண்டு போதும் என்பது சட்டம் செய்தவர்களின் கணக்கு. பெரும் மந்தம் வரும்போது போதாது. அப்போதெல்லாம் மத்திய அரசு தன் செலவில் கூடுதல் வாரங்களை அளிப்பது இரண்டு கட்சிகளும் ஏற்றுக்கொண்ட வழக்கமாக இருந்தது. 2008 ஜூன் 30 அன்று, அவசரக் கூடுதல் உதவித் திட்டத்தில் கையெழுத்திட்டவரும் குடியரசுக் கட்சி அதிபர் புஷ்தான். பின்னர் நிலைமை மோசமாக மோசமாகத் திட்டம் நான்கு கட்டங்களாக விரிந்தது. மாநிலத்தின் 26 வாரங்கள், மத்திய அரசின் நான்கு கட்டங்கள், வேலையின்மை மிக அதிகமாக இருந்த மாநிலங்களுக்கு உரிய நீட்டிப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் அதிகபட்சம் 99 வாரங்கள். அதையும் கடந்து வேலை கிடைக்காதவர்களுக்கு ‘நைன்ட்டி நைனர்ஸ்’ என்றே ஒரு பெயர் ஏற்பட்டது.

2009 அக்டோபரில் வேலையின்மை விகிதம் 10 விழுக்காட்டைத் தொட்டது. ஓராண்டு கழித்தும் அது ஒன்பதரையை ஒட்டியே இருந்தது. சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் வேலையில்லாமல் இருந்தனர். அவர்களில் பத்துக்கு நான்கு பேர் அரையாண்டுக்கும் மேலாக வேலை தேடிக்கொண்டிருந்தனர். காலியிடம் ஒன்றுக்கு நான்குக்கும் மேற்பட்ட வேலையற்றோர் என்பது அரசின் புள்ளிவிவரங்கள் காட்டிய விகிதம். இந்த எண்ணை மனத்தில் நிறுத்திக்கொண்டால்தான் பின்வரும் வாதங்களை எடைபோட முடியும்.

முதல் வாதம் பணத்தைப் பற்றியது. கூடுதல் உதவித்தொகையை நீட்டிக்கலாம், ஆனால் அதற்கு ஆகும் செலவை வேறு எங்கேனும் குறைத்து ஈடுகட்ட வேண்டும், இல்லையென்றால் கடன் பெருகும் என்று குடியரசுக் கட்சியினர் கூறினர். 2010 பிப்ரவரி இறுதியில் கென்டக்கி மாநில செனட்டர் ஜிம் பன்னிங் இதே காரணத்தைச் சொல்லித் தனியொருவராக நீட்டிப்பைத் தடுத்தார். சில நாட்கள் திட்டம் காலாவதியாகிக் கிடந்தது. அந்தக் கோடையில் நடந்தது அதைவிடக் கடுமையானது. ஜூன் தொடக்கத்தில் அனுமதி முடிந்தது. 60 வாக்குகள் சேராததால் ஏறக்குறைய ஏழு வாரங்களுக்கு நீட்டிப்பு வரவில்லை. ஜனநாயகக் கட்சியின் மூத்த செனட்டர் ராபர்ட் பைர்டு ஜூன் 28 அன்று மறைந்ததால் ஒரு வாக்கு குறைந்துபோனது. அவருடைய இடத்துக்கு மேற்கு வர்ஜீனியாவிலிருந்து கார்ட் குட்வின் வந்து பதவியேற்ற ஜூலை 20 அன்றுதான், மெய்ன் மாநிலத்தின் இரு குடியரசுக் கட்சி செனட்டர்களான ஒலிம்பியா ஸ்னோ, சூசன் காலின்ஸ் ஆகியோரின் ஆதரவுடன், 60-க்கு 40 என்ற கணக்கில் தடை உடைந்தது.

அந்த ஏழு வாரங்களில் ஒரு குடும்பத்துக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். அனுமதி முடிந்தவுடன் எல்லோருக்கும் ஒரே நாளில் பணம் நின்றுவிடவில்லை. முதல் கட்டத்தில் இருந்தவர் அந்தக் கட்டம் முடியும்வரை பெற்றார். அது முடிந்ததும் இரண்டாம் கட்டத்துக்குள் அவர் நுழைய முடியாது. மாநிலத்தின் 26 வாரங்கள் ஜூன் நடுவில் முடிந்தவருக்கோ முதல் கட்டமே இல்லை. ஒரே நிறுவனத்தில் ஒரே மாதத்தில் வேலை இழந்த இருவரில் ஒருவருக்குப் பணம் வந்துகொண்டிருக்க, சில வாரங்கள் முன்பின்னாக விண்ணப்பித்த மற்றவருக்கு நின்றுபோயிருக்கலாம். மாநில அலுவலகங்களில் இதை விளக்கிச் சொல்வதே ஒரு பெரும் பணியாகியிருக்கும். ஜூலையில் சட்டம் வந்தபோது நின்றுபோன வாரங்களுக்கும் சேர்த்துப் பணம் வழங்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் வீட்டு வாடகை ஜூன் மாதத்திலேயே கட்டப்பட வேண்டியது. சுமார் 25 லட்சம் பேர் இந்த நிலைக்கு ஆளானார்கள். இவ்வளவும் செய்து பெற்ற நீட்டிப்பு நவம்பர் 30 வரைக்கும் மட்டுமே.

இரண்டாவது வாதம் உழைப்பைப் பற்றியது. நீண்ட நாள் உதவி கிடைத்தால் வேலை தேடும் முனைப்புக் குறையும் என்பது குடியரசுக் கட்சியினர் பலரின் கருத்து. இதைப் பொருளாதார அறிஞர்கள் முற்றிலும் மறுக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2010-இல் வெளியிட்ட ஆய்வு, நீட்டிக்கப்பட்ட உதவியால் வேலையின்மை விகிதம் சுமார் 0.4 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. பத்தில் 0.4 என்பது இல்லாத ஒன்றன்று. ஆனால் மீதி ஒன்பதரைக்கு அது விளக்கமும் ஆகாது. நாற்காலி ஒன்றுக்கு நான்கு பேர் நிற்கும் இடத்தில் அவர்களை விரைந்து ஓடச் சொன்னால் யார் உட்காருவது என்பது மாறும், எத்தனை பேர் நிற்பார்கள் என்பது மாறாது. இன்னொரு புறம், இந்தப் பணம் கடைக்கும் வாடகைக்கும் உடனே செலவாகிவிடுவதால் பொருளாதாரத்துக்கு அதுவே நல்ல ஊட்டம் என்று ஜனநாயகக் கட்சியினர் வாதிட்டனர். எந்தக் கட்சியையும் சாராத நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் 2010 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இதற்கு வலுச்சேர்த்தது. பல்வேறு நடவடிக்கைகளை ஒப்பிட்ட அந்த அறிக்கையில், ஒரு டாலர் செலவுக்கு மிக அதிகப் பயன் தரும் வரிசையில் வேலையற்றோர் உதவி முன்னணியிலும், வருமான வரிக் குறைப்பு கடைசியிலும் இருந்தன. கையில் பணமிருப்பவருக்கு மேலும் கொடுத்தால் அவர் சேமிப்பார், இல்லாதவருக்குக் கொடுத்தால் செலவழிப்பார் என்பதே அதன் அடிப்படை.

இனி நடுத்தர வர்க்கம் என்ற எல்லைக்கோட்டுக்கு வருவோம். 2008 தேர்தலில் பராக் ஒபாமா, ஆண்டு வருமானம் 2,50,000 டாலருக்குக் குறைவாக உள்ள குடும்பங்களுக்கு வரியை உயர்த்தமாட்டேன் என்று வாக்குறுதி அளித்திருந்தார். தனிநபருக்கு 2,00,000 டாலர். 2010-இல் அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 50,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஆக அவர் வரைந்த கோடு நடுவில் இல்லை. ஏறத்தாழ 98 விழுக்காட்டுக் குடும்பங்கள் அதற்குக் கீழேயே இருந்தன. அந்தக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களின் வரிக் குறைப்பை நிரந்தரமாக்குவோம், மேலே உள்ள பகுதிக்கு மட்டும் பழைய விகிதங்கள் திரும்பட்டும் என்பது ஜனநாயகக் கட்சியின் நிலை. மேலே உள்ள பகுதிக்கான சலுகையைத் தொடர்ந்தால் பத்தாண்டில் சுமார் 70,000 கோடி டாலர் செலவாகும் என்பது அன்று எல்லோரும் எடுத்தாண்ட மதிப்பீடு.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. இரண்டரை லட்சத்துக்கு மேல் சம்பாதிப்பவருக்குச் சலுகை முழுவதும் போய்விடும் என்று பலர் நினைத்தார்கள். அடுக்கு முறையில் அப்படி ஆகாது. வரிக்குரிய வருமானம் 3,00,000 டாலர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அடியிலுள்ள அடுக்குகளின் குறைப்பு அவர்களுக்கும் உண்டு. எடுத்துக்காட்டாக, 2010-இல் தம்பதியரின் முதல் 16,750 டாலருக்கு 15 விழுக்காட்டுக்குப் பதிலாக 10 விழுக்காடுதான் வரி. அந்த ஓர் அடுக்கிலேயே சுமார் 837 டாலர் மிச்சம், அது எல்லோருக்கும் பொது. ஒபாமாவின் திட்டப்படி கோட்டுக்கு மேலுள்ள 50,000 டாலருக்கு மட்டும் விகிதம் 33-லிருந்து 36 ஆகியிருக்கும். தோராயமாகக் கணக்கிட்டால் கூடுதல் வரி 1,500 டாலர். பல கோடி டாலர் ஈட்டுபவருக்குத்தான் இது பெருந்தொகையாக மாறும். நடுத்தர வர்க்கத்துக்கான வரிக் குறைப்பு என்று சொல்லப்பட்டதில் செல்வந்தருக்கும் பங்கு இருந்தது என்பதை அன்றைய விவாதத்தில் கேட்டவர்கள் குறைவு.

குடியரசுக் கட்சியினரின் எதிர்வாதத்தையும் அதற்குரிய மதிப்போடு பார்க்க வேண்டும். பொருளாதாரம் தள்ளாடும்போது யாருடைய வரியையும் உயர்த்தக் கூடாது என்றார்கள். சிறு தொழில் நடத்துவோர் பலர் தொழில் லாபத்தைத் தம் சொந்த வருமானமாகக் காட்டியே வரி செலுத்துவதால், உச்ச விகிதத்தை உயர்த்தினால் வேலை தருபவர்களே அடிபடுவார்கள் என்றார்கள். நாடாளுமன்றத்தின் வரிவிதிப்புக் கூட்டுக்குழு இதைக் கணக்கிட்டது. தொழில் வருமானம் உள்ள வரி செலுத்துவோரில் சுமார் 3 விழுக்காட்டினரே பாதிக்கப்படுவர். ஆனால் மொத்தத் தொழில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அவர்களிடம்தான் இருந்தது. ஒரே அறிக்கையிலிருந்து ஜனநாயகக் கட்சியினர் 3 விழுக்காட்டை மட்டும் மேற்கோள் காட்டினர், குடியரசுக் கட்சியினர் பாதியை மட்டும் மேற்கோள் காட்டினர். இரண்டும் உண்மை. ‘சிறு தொழில்’ என்ற பெயரின் கீழ் பெரும் சட்ட நிறுவனங்களின் பங்குதாரர்களும் முதலீட்டு நிதி நடத்துவோரும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தும்.

ஆனால் அக்கட்சியின் நிலையில் எனக்கு ஏற்க முடியாத ஒன்று உண்டு. வாரம் 300 டாலர் உதவிக்கு ஈடுகட்டும் செலவுக் குறைப்பைக் கேட்டவர்கள், பல்லாயிரம் கோடி டாலர் வரிக் குறைப்புக்கு அத்தகைய ஈடு எதுவும் வேண்டாம் என்றார்கள். கடன்தான் கவலை என்றால் இரண்டும் ஒரே கடனில்தான் போய்ச் சேர்கின்றன. ஜனநாயகக் கட்சியினர் மீதும் பழி இல்லாமல் இல்லை. இரு அவைகளிலும் பெரும்பான்மை இருந்தபோதே, செப்டம்பரில் வரி மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவராமல், தேர்தலில் அது எதிராகத் திரும்பிவிடும் என்று அஞ்சித் தள்ளிவைத்தார்கள். நவம்பர் 2 தேர்தலில் கீழவையான பிரதிநிதிகள் அவையில் 63 இடங்களை இழந்த பிறகு பேரம் பேசும் வலிமையும் குறைந்துபோனது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. நவம்பர் 30 அன்று உதவித்தொகைக்கான அனுமதி முடிந்தது. டிசம்பர் 1 அன்று செனட்டின் 42 குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் கையெழுத்திட்டு, வரி விவகாரமும் அரசின் செலவுக்கான அனுமதியும் முடியும்வரை வேறு எந்த மசோதாவையும் முன்னேற விடமாட்டோம் என்று கடிதம் கொடுத்தார்கள். மறுநாள் பிரதிநிதிகள் அவை நடுத்தர வர்க்கத்துக்கான வரிக் குறைப்பை மட்டும் நீட்டிக்கும் மசோதாவை 234-க்கு 188 என்று நிறைவேற்றியது. டிசம்பர் 4, சனிக்கிழமை, செனட்டில் அது 53 வாக்குகளே பெற்றது. கோட்டைப் பத்து லட்சம் டாலருக்கு உயர்த்திப் பார்த்த மாற்று யோசனைக்கும் அதே 53. பெரும்பான்மை இருந்தும் இரண்டும் தோற்றன.

ஆண்டு முடிந்தால் ஜனவரி முதல் எல்லோருடைய சம்பளத்திலும் வரிப்பிடித்தம் உயரும். வேலையற்றோருக்கோ பணம் வராது. டிசம்பர் 6 அன்று ஒபாமா சமரசத்தை அறிவித்தார். செல்வந்தர் உட்பட எல்லோருக்கும் வரிக் குறைப்பு இரண்டாண்டு நீடிக்கும். மரபுரிமைச் சொத்து வரி 50 லட்சம் டாலருக்கு மேல்தான் தொடங்கும், அதுவும் 35 விழுக்காடாக இருக்கும். மாற்றாக, வேலையற்றோருக்கான கூடுதல் உதவி 13 மாதம் தொடரும். தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு வரி ஓராண்டுக்கு 6.2-லிருந்து 4.2 விழுக்காடாகக் குறையும். மறுநாள் செய்தியாளர்களிடம் பேசிய ஒபாமா, பணயக் கைதிகளுக்குத் தீங்கு நேரும் என்னும்போது பிடித்து வைத்தவர்களோடு பேரம் பேசாமல் இருக்க முடியாது என்ற பொருளில் தன்னைத் தற்காத்துக்கொண்டார். அவர் பணயக் கைதி என்று சொன்னது அமெரிக்க மக்களை. வெர்மான்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் டிசம்பர் 10 அன்று எட்டரை மணி நேரம் நின்று இந்தச் சமரசத்தை எதிர்த்துப் பேசினார். செனட் அதை 81-க்கு 19 என்றும், பிரதிநிதிகள் அவை 277-க்கு 148 என்றும் ஏற்றன. ஆதரித்தவர்களில் ஜனநாயகக் கட்சியினர் 139, குடியரசுக் கட்சியினர் 138. டிசம்பர் 17 அன்று அது சட்டமானது. மொத்தச் செலவு சுமார் 85,800 கோடி டாலர். அதில் எதற்கும் ஈடுகட்டும் ஏற்பாடு இல்லை.

இந்தச் சமரசத்தில் புதிதாக வந்த சமூகப் பாதுகாப்பு வரிக் குறைப்பு அடுத்த சண்டைக்கு விதையானது. ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கப்படும் இந்த வரிக்கு அடுக்குகள் கிடையாது. ஓர் உச்சவரம்பு வரை முதல் டாலரிலிருந்தே பிடித்தம் உண்டு. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவரும் இதைக் கட்டியே ஆகவேண்டும். எனவே இரண்டு விழுக்காடு குறைந்தபோது, துப்புரவுப் பணியாளர் முதல் ஹெச்1பி விசாவில் பணிபுரிந்த நம் ஊர்ப் பொறியாளர் வரை சம்பளச் சீட்டில் அதைக் கண்டார்கள். ஆண்டுக்கு 50,000 டாலர் பெறுபவருக்கு 1,000 டாலர் மிச்சம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் என்றால் ஆண்டுக்கு 26 சம்பளம். ஒவ்வொன்றிலும் 38 டாலர் சொச்சம். வெள்ளை மாளிகை இதை 40 டாலர் என்று முழுமையாக்கி, 2011 டிசம்பரில் ‘40 டாலர் உங்களுக்கு என்ன செய்யும்’ என்று மக்களையே கேட்டு ஓர் இயக்கம் நடத்தியது.

ஏனெனில் அந்த டிசம்பரில் இரண்டும் மறுபடி காலாவதியாக இருந்தன. இம்முறை பாத்திரங்கள் இடம் மாறின. வரிக் குறைப்பு என்றால் ஈடு வேண்டாம் என்றவர்கள், தொழிலாளருக்கான இந்தக் குறைப்புக்கு மட்டும் ஈடு கேட்டார்கள். ஜனநாயகக் கட்சியினர் நீட்டிப்பைக் கோரினார்கள். செனட் 89-க்கு 10 என்று இரு கட்சி ஆதரவோடு இரண்டு மாத நீட்டிப்பை ஏற்றது. குடியரசுக் கட்சியினர் ஆண்ட பிரதிநிதிகள் அவை, முழு ஆண்டு வேண்டும் என்று சொல்லி அதை நிராகரித்து, கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாட்களுக்கு முன்பு பணிந்தது. 2012 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் வரிக் குறைப்பை ஆண்டு இறுதிவரை ஈடின்றி நீட்டித்தது. கூடவே வேலையற்றோர் உதவியின் 99 வார உச்சத்தை ஆண்டு இறுதிக்குள் 73 வாரமாகக் குறைத்தது. சட்டத்தின் பெயரில் நடுத்தர வர்க்க வரி நிவாரணம் இருந்தது, வேலை உருவாக்கம் இருந்தது. வேலை இல்லாதவர் இல்லை.

2013 புத்தாண்டில் மூன்றாம் சுற்று. இரண்டாண்டு முடிந்து புஷ் காலக் குறைப்புகள் மீண்டும் காலாவதியானபோது, தேர்தலில் வென்றுவந்திருந்த ஒபாமா 39.6 விழுக்காட்டு உச்ச விகிதத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் கோடு தம்பதியருக்கு 4,50,000 டாலராக உயர்ந்துவிட்டது. அதற்குக் கீழே எல்லாம் நிரந்தரமாயின. சமூகப் பாதுகாப்பு வரி பழைய 6.2-க்குத் திரும்பியது, அதற்காகக் குரல் கொடுத்தவர் மிகச் சிலர். வேலையற்றோர் உதவிக்கு இன்னும் ஓராண்டு மட்டும். அந்த ஓராண்டு 2013 டிசம்பர் 28 அன்று முடிந்தபோது 13 லட்சம் பேருக்கு ஒரே வாரத்தில் பணம் நின்றது. 2014 ஏப்ரலில் செனட் ஐந்து மாத நீட்டிப்பை ஏற்றது. பிரதிநிதிகள் அவை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. முந்தைய மூன்று ஆண்டுகளும் நீட்டிப்பு கிடைத்ததற்கு, வரி என்ற கனமான மூட்டையோடு அது சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததே காரணம். வரி நிரந்தரமானதும் பேரத்தில் ஜனநாயகக் கட்சியினர் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

இந்தப் பாணி பிறகும் மாறவில்லை. 2017-இல் டொனால்டு டிரம்ப் கொண்டுவந்த தனிநபர் வரிக் குறைப்புகளுக்கும் அதே பட்ஜெட் தனி வழியின் காரணமாக 2025 இறுதி என்று தேதியிடப்பட்டது. 2025 ஜூலை 4 அன்று அவை நிரந்தரமாயின. கொரோனா காலத்தில் வேலையற்றோருக்கு அளிக்கப்பட்ட வாரம் 600 டாலர் கூடுதல் உதவியோ, வேலையின்மை 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போதே 2020 ஜூலை இறுதியில் நின்றது. வரிக்கு வாதாட எப்போதும் ஆள் இருக்கிறார்கள். வேலையற்றோர் சிதறிக் கிடப்பவர்கள். வேலை கிடைத்த மறுநாளே அந்தக் கூட்டத்திலிருந்து விலகிவிடுபவர்கள். அவர்களுக்கென்று நிலையான அமைப்பு உருவாவது கடினம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. உதவி எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை நாள்காட்டியிடம் விடாமல் வேலையின்மை விகிதத்திடமே விடுவதற்கு 1970-லேயே அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. ஒரு மாநிலத்தில் விகிதம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் 13 வாரம் அல்லது 20 வாரம் தானாகக் கூடும். நாடாளுமன்றத்தில் யாரும் வாக்களிக்கத் தேவையில்லை. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது: இன்றைய விகிதம் உயர்ந்து நின்றால் மட்டும் போதாது, முந்தைய இரண்டு ஆண்டுகளைவிடக் கூடியிருக்கவும் வேண்டும். மந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, விகிதம் குறையாமலும் ஏறாமலும் உச்சியிலேயே நின்றுவிட்டால், ‘கூடவில்லை’ என்று சொல்லி உதவி நின்றுவிடும். 2010 டிசம்பர் சமரசச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு, அந்த ஒப்பீட்டை மூன்று ஆண்டுகளாக நீட்டிக்க மாநிலங்களுக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தது. அந்த ஒப்பீட்டு நிபந்தனையையே நீக்கி, விகிதம் இறங்கும்வரை உதவி தொடரும் என்று நிரந்தரமாக எழுதிவைத்திருந்தால், அடுத்து வந்த டிசம்பர்களில் வேலையற்றோரை வரியோடு சேர்த்துப் பேரம் பேச எந்தக் கட்சிக்கும் வாய்ப்பு இருந்திராது.